மலையக அரசியல்வாதிக்குப் பின்னால் இருக்கும் பணம்

இலங்கை மலையகத்தின் தலவாக்கலைப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் ஜே.டி. வான்ஸ் என்பவரை ஒரு கோடீசுவரர்தான் வளர்த்து, செனட்டராக்கி, துணை ஜனாதிபதி பதவி வரை கொண்டுபோனார் என்று வாசித்தாராம். நமது மலையகத் தலைவர்களுக்குப் பின்னாலும் அப்படி ஆட்கள் இருக்கிறார்களா, அவர்களுடைய பணத்துக்கு ஏற்றபடிதான் கொள்கை மாறுகிறதா என்பது அவருடைய முதல் கேள்வி. இரண்டாவது அவர் தலைக்கு மேலேயே இருக்கும் பிரச்சினை. நண்பர்கள் சேர்ந்து அடுத்த பிரதேச சபைத் தேர்தலில் சுயேச்சைக் குழுவாக நிற்க யோசிக்கிறார்கள். ஊரிலுள்ள ஒப்பந்தகாரர் ஒருவர் "செலவை எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் நில்லுங்கள்" என்கிறார். வாங்கலாமா?

நான் பல வருடங்கள் ஒரு தொழிற்சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்தில் கணக்கு எழுதியவன். பணம் எந்த வழியாக வருகிறது, வந்த பிறகு என்ன செய்கிறது என்பதைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்: இங்கேயும் பணம் அரசியல்வாதியை உருவாக்குகிறது. ஆனால் நாம் கற்பனை செய்கிற மாதிரி, ஒருவர் பெட்டியைக் கொடுத்து மற்றவர் பேச்சை மாற்றுகிற வேலை மிகக் குறைவு.

முதலில் அந்த அமெரிக்கக் கதை. வான்ஸ் அரசியலுக்கு வருவதற்கு முன்பே பீட்டர் தீல் என்ற முதலீட்டாளரின் மித்ரில் கெப்பிட்டல் நிறுவனத்தில் வேலை செய்தார். பின்பு வான்ஸ் சொந்தமாக ஒரு முதலீட்டு நிறுவனம் தொடங்கியபோது அதற்கும் தீல் பணம் போட்டார். 2016இல் டிரம்பைக் கடுமையாகத் தாக்கிப் பேசியவர் வான்ஸ். 2021இல் அவரை டிரம்பிடம் அழைத்துப்போய் உட்காரவைத்தவர் தீல். ஒஹாயோ செனட் போட்டிக்கு தீல் கொடுத்தது 1.5 கோடி டொலர். அது வேட்பாளரின் கையில் போகவில்லை. அவரை ஆதரிப்பதற்கென்று அமைந்த ஒரு தனி அமைப்புக்குப் போனது. 2010இல் வந்த நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு அங்கே அப்படிப்பட்ட அமைப்புகள் எவ்வளவும் வாங்கலாம், எவ்வளவும் செலவழிக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது தொகையை அல்ல, வரிசையை. முதலில் வேலை, பிறகு தொழிலுக்கு முதல், பிறகு அறிமுகம், கடைசியாகத்தான் தேர்தல் பணம். ஒஹாயோவின் வாக்காளர் அந்த மனிதரின் பெயரை வாக்குச்சீட்டில் பார்ப்பதற்குப் பல வருடங்களுக்கு முன்பே வேறொருவர் அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அதற்குப் பிறகு "நீ இப்படிப் பேசு" என்று யாரும் உத்தரவு போடவேண்டிய தேவையே வராது. ஒரே மேசையில் பல வருடம் சாப்பிட்டவர்களுக்கு ஒரே மாதிரியான விஷயங்கள் நியாயமாகத் தெரியும். தன் கருத்துக்கு ஒத்துவராத இளைஞனை அந்தப் பணக்காரர் தொடக்கத்திலேயே தேடியிருக்கமாட்டார். பணத்தின் பெரிய வேலை இந்தச் சல்லடை வேலைதான். நிற்பவர்களில் யாரை வெல்லவைப்பது என்பதைவிட, யார் நிற்கவே முடியாது என்பதை அது முடிவு செய்கிறது.

இனி நம் மலைக்கு வருவோம்.

மலையகத்தில் பணமும் அரசியலும் கைகோத்தது நேற்றல்ல. தோட்டத் துரைமார் தங்களுக்கென்று கண்டியில் சங்கம் அமைத்தது 1854இல். சட்டசபையில் மலைநாட்டின் குரல் என்று அந்தக் காலத்தில் கேட்டதெல்லாம் அவர்களுடைய குரல். கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இல் ரயில் வந்தது கோப்பி இறங்குவதற்காக. நானுஓயாவுக்கு 1885இல் ஏறியது தேயிலைக்காக. 1910 சீர்திருத்தத்தில் கிராமப்புற ஐரோப்பியருக்கு என்று தனியாக ஒரு ஆசனமே கொடுத்தார்கள். அதாவது அப்போது பணம் அரசியல்வாதியைத் தேடவில்லை, அதுவே நேராகப் போய் உட்கார்ந்தது.

நமது சனத்தின் சொந்த அரசியலும் பணக்காரர் கைபடாமல் பிறக்கவில்லை. 1939இல் நேரு கொழும்புக்கு வந்தபோது உருவான இலங்கை இந்தியக் காங்கிரசில் கொழும்பு வர்த்தகர்களும் இருந்தார்கள், தோட்டத்து மக்களும் இருந்தார்கள். அந்த இரண்டு பகுதியின் தேவையும் ஒன்றல்ல. வர்த்தகருக்குக் குடிவரவும் வியாபார உரிமையும் முக்கியம். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருந்தவருக்குப் பெரட்டும் (காலையில் ஆளெண்ணி வேலை பிரிப்பது) சம்பளமும் பிள்ளையின் படிப்பும் முக்கியம். 1947 பொதுத் தேர்தலில் அந்தக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. அதற்கு அடுத்த வருடமே நம் சனத்தில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, 1949இல் வாக்கும் போனது.

அதன்பின் நீண்ட காலம் நம்மிடம் வாக்கு இல்லை. வாக்கு இல்லாத சனத்தைத் தேடி எந்த முதலாளியும் தேர்தல் பணத்தோடு வரமாட்டார். அந்த வறண்ட காலத்தில் இயக்கத்தைத் தாங்கியவை இரண்டு. ஒன்று தொழிலாளியின் சந்தா. மற்றது தலைவரின் சொந்தச் சொத்து. அந்தக் காங்கிரசின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் றம்பொடைப் பக்கத்து வேவண்டன் தோட்டத்தின் சொந்தக்காரர். அவர் யாரிடமும் கைநீட்ட வேண்டியிருக்கவில்லை என்பது அவருடைய பலம். கொழும்பு அமைச்சர்களோடு சரிசமமாக உட்கார அது உதவியது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. வசதியுள்ள குடும்பத்திலிருந்துதான் தலைவர் வரவேண்டும் என்ற எண்ணம் நம் மனதில் ஊறிப்போனது. 1977இல் நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியில் மூன்று உறுப்பினரில் ஒருவராக அவர் வென்றார். அந்த மூவரில் மற்ற இருவர் காமினி திசாநாயக்க, அநுர பண்டாரநாயக்க. மூவருமே பெரிய குடும்பத்தார்.

இன்றைய நன்கொடை அரசியலுக்குக் கதவைத் திறந்தது விருப்பு வாக்கு முறை. 1989இலிருந்து பாராளுமன்றத் தேர்தலில் மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதி. நுவரெலியா மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 8 ஆசனம், ஒரு கட்சி 11 பெயரைப் போட வேண்டும், வாக்காளர் மூன்று பேருக்கு விருப்பு வாக்குக் கொடுக்கலாம், வாக்காளர் தொகை 6 இலட்சத்துக்கும் மேல். மஸ்கெலியாவில் நிற்பவர் இராகலையிலும் ஹங்குராங்கெத்தையிலும் முகம் காட்ட வேண்டும். அவருடைய முதல் எதிரி எதிர்க்கட்சிக்காரர் அல்ல, அதே சின்னத்தில் நிற்கும் தன் கட்சிக்காரர். கட்சியின் பணம் சின்னத்துக்குச் செலவாகும்; வேட்பாளரின் சொந்த விருப்பு இலக்கத்துக்கு அவரவர்தான் தேட வேண்டும். ஜீப், டீசல், போஸ்டர் ஒட்டுகிற பையன்களுக்குச் சாப்பாடு, வாக்குச்சாவடி முகவர்கள், தோட்டம் தோட்டமாகக் கூட்டம், கோயிலுக்கு நன்கொடை, விளையாட்டுக் கழகத்துக்கு ஜெர்சி, மழைக்காலம் என்றால் கூரைத்தகடு. ஒரு ஆசிரியரோ வெளிக்கள உத்தியோகத்தரோ இதைத் தன் சம்பளத்தில் செய்ய முடியாது. யாரிடமாவது வாங்கித்தான் ஆகவேண்டும்.

யார் கொடுக்கிறார்கள்? பெரிய கம்பனி முதலாளி ஒருவர் மலையக உறுப்பினரின் வீட்டுக்குப் பணம் அனுப்பும் காட்சியைப் பலர் மனதில் வைத்திருக்கிறார்கள். மாவட்ட மட்டத்தில் நடப்பது வேறு. ரோட்டு, பாலம், வீடு கட்டுகிற ஒப்பந்தகாரர், கல்லுடைக்கும் குவாரி வைத்திருப்பவர், மதுபானசாலைக்காரர், மரக்கறி மொத்த வியாபாரி, ஊரை விட்டுப்போய்க் கொழும்பில் கடை வைத்து நன்றாக வந்த மலையகத்தவர். இந்தக் கடைசி ஆட்களில் பலர் உண்மையாகவே ஊர்ப் பாசத்தில் கொடுப்பவர்கள். படிப்பு உதவித்தொகை கேட்டால் கொடுப்பார்கள், தேர்தலுக்குக் கேட்டாலும் கொடுப்பார்கள், திரும்ப ஒன்றும் கேட்கமாட்டார்கள். அவர்களை நான் மற்றவர்களோடு சேர்த்துப் பேசமாட்டேன்.

ஒப்பந்தகாரருக்கு வேண்டியது பன்முகப்படுத்தப்பட்ட நிதியில், அதாவது உறுப்பினரின் சிபாரிசில் ஊருக்குச் செலவாகும் அரச பணத்தில், வரும் வேலை. அதனால்தான் நம் ஊர்களில் ஒரே ரோட்டுக்கு மூன்று தேர்தலில் மூன்று முறை கொங்கிறீட் போடுகிறார்கள், தோட்ட வைத்தியசாலைக்கு மருந்து வருவதில்லை. ரோட்டுக்கு ஒப்பந்தகாரர் உண்டு. மருந்தாளர் பதவியை நிரப்புவதற்கு ஒப்பந்தகாரர் கிடையாது. உறுப்பினர் கெட்டவராக இருக்க வேண்டியதே இல்லை. காலையில் அவருக்கு வரும் பத்து தொலைபேசி அழைப்பில் ஆறு கட்டட வேலை சம்பந்தப்பட்டதாக இருந்தால், மலையகத்தின் தேவை கட்டடம்தான் என்று அவர் மனமே நம்பத் தொடங்கிவிடும்.

மதுபானசாலை அனுமதிப்பத்திரம் இதைவிட மோசம். 2024 டிசம்பரில் அரசாங்கம் பாராளுமன்றத்தில் ஒரு பட்டியலை வைத்தது: அந்த ஒரு வருடத்தில் மட்டும் நாடு முழுவதும் 300க்கும் அதிகமான அனுமதிப்பத்திரங்கள். யாருடைய சிபாரிசில் எது போனது என்பது பெரிய சர்ச்சையானது. மற்ற ஊர்களுக்கு அது ஊழல் செய்தி. சம்பள நாளில் லயத்துக்குப் போகும் வழியில் பார் இருக்கும் நமக்கு அது பெண்களின் வயிற்றில் அடிக்கிற விஷயம். மது ஒழிப்பைப் பற்றி நம் மேடைகளில் எத்தனை பேர் பேசுகிறார்கள், பேசியவர்களில் எத்தனை பேர் தங்கள் பிரதேசத்தில் ஒரு பாரையாவது மூடச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம். மலையக அரசியலுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் மிகப் பெரிய நன்கொடையாளர் யார் என்று கேட்டால், கொழுந்து பறிக்கும் பெண் என்பேன். அவளுடைய சந்தாவில்தான் தொழிற்சங்கம் நடந்தது, தொழிற்சங்கத்திலிருந்துதான் கட்சி நடந்தது, கட்சியிலிருந்துதான் அமைச்சர்கள் வந்தார்கள். உலகத்தில் கோடீசுவரர்கள் அரசியல்வாதிகளை வளர்க்கும்போது, நாம் ஏழைகளின் சில்லறையில் அமைச்சர்களை வளர்த்தோம். அப்படியென்றால் அந்த அமைச்சர்கள் அவளுடைய சொல்லைக் கேட்டிருக்க வேண்டும் அல்லவா? ஏன் நடக்கவில்லை?

சந்தா வந்துசேர்ந்த வழியைப் பாருங்கள். தொழிலாளி சங்கத்தில் சேரும்போது ஒரு படிவத்தில் கையெழுத்திடுவார். மாதக் கடைசியில் செக்ரோல் (சம்பளப் பதிவேடு) போடும்போது தோட்ட நிர்வாகம் அவருடைய சம்பளத்தில் சந்தாவைக் கழிக்கும். எல்லோருடையதையும் சேர்த்துச் சங்கத்தின் தலைமைக் காரியாலயத்துக்குக் காசோலையாக அனுப்பும். தோட்டத் தலைவரின் கையில் அது தங்கியதில்லை. தோட்டக் கமிட்டிக்கு அந்தப் பணத்தின் கணக்கும் பெரும்பாலும் தெரியாது. தண்ணீர் நம் மலையில் ஊறியதுதான், பீலியைப் பிடித்திருந்தது நிர்வாகம். நான் அந்தக் காசோலைகளைப் பதிவு செய்தவன். எந்தத் தோட்டத்தில் எவ்வளவு வருகிறது என்று தலைமைக்குத் தெரிந்திருந்தது. யாருடைய பணம் என்ற உணர்வு அந்தக் காகிதத்தில் ஒட்டியிருக்காது. கம்பனியின் பெயர்தான் மேலே இருக்கும்.

கூட்டு ஒப்பந்தத்தின் கதையை இந்த வெளிச்சத்தில் வாசித்துப் பாருங்கள். முதலாளிமார் சம்மேளனமும் குறிப்பிட்ட தொழிற்சங்கங்களும் சம்பளம் பற்றி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையெழுத்திட்டு வந்த ஒப்பந்தம் அது. நாட்சம்பளம் 1,000 ரூபா என்ற கோரிக்கை தோட்டங்களில் வருடக்கணக்காக ஒலித்தது. 2018 ஒக்டோபரில் நம் இளைஞர்கள் கறுப்புச் சட்டையோடு கொழும்பு காலிமுகத்திடலில் போய் நின்றார்கள். 2019 ஜனவரியில் கையெழுத்தான அடிப்படைச் சம்பளம் 700 ரூபா. உடனே "விலைபோய்விட்டார்கள்" என்றார்கள். பெட்டி கைமாறியதாகக் கதை கட்டுவது சுலபம், ஆனால் அதற்கு அவசியமே இல்லை. ஒரு சங்கத்தின் மாத வருமானம் முழுவதும் எதிர்த்தரப்பின் கணக்குப்பிள்ளை கழித்துக்கொடுக்கும் பணமாக இருக்கும்போது, அந்தச் சங்கம் ஒரு எல்லைக்கு மேல் கோபப்பட முடியாது. பேச்சுவார்த்தை மேசையில் யாரும் அதைச் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

2021இல் அது வெளிப்படையாகவே தெரிந்தது. சம்பள நிர்ணய சபை மூலம் 1,000 ரூபா வர்த்தமானியில் வந்ததும் கம்பனிகள் நீதிமன்றம் போயின. கூட்டு ஒப்பந்தம் இல்லை, ஆகவே சந்தாவும் கழிக்கமாட்டோம் என்றார்கள். பெரிய சங்கங்கள் திணறிப்போயின. வீடு வீடாகப் போய்ச் சந்தா வாங்கிப் பழகிய சங்கமாக இருந்திருந்தால் அந்த அடி அப்படி வலித்திருக்காது. நம் மக்கள் கோயிலுக்கு வீட்டுவரி போட்டு வருடாவருடம் திருவிழா நடத்துகிறவர்கள், அதில் ஒரு ரூபா குறைந்தாலும் கமிட்டியைக் கூட்டத்தில் நிறுத்திக் கேட்பவர்கள். அதே மக்கள் சங்கக் கணக்கைக் கேட்கவில்லை. கேட்கும் வழி அவர்களுக்கு இல்லாமல் இருந்தது.

இன்னொரு ஒப்பீடும் செய்கிறேன். 2015இல் கிளைபோசேட் களைகொல்லியை அரசாங்கம் தடைசெய்தது. தேயிலைத் துறை எதிர்த்தது. களை எடுக்க ஆள் இல்லை, விளைச்சல் போகிறது என்று கணக்கோடு வாதாடியது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை நீங்கியது. அவர்கள் வாதத்தில் நியாயம் இருந்தது, அதை ஒளிவுமறைவில்லாமல் செய்தார்கள், குறை சொல்லமாட்டேன். ஆனால் மூன்று வருடத்தில் ஒரு கோரிக்கை நிறைவேறுவது எப்படி என்பதற்கு அது பாடம். தரவு எழுதித்தர ஆள், அமைச்சின் செயலாளரைச் சந்திக்க நேரம், பத்திரிகையில் பக்கம். இந்த மூன்றுக்கும் பணம் வேண்டும்.

நிலம் என்று வரும்போது என்ன நடக்கிறது? தோட்டங்களின் முகாமை 1992இல் கம்பனிகளுக்குப் போனது, பின்பு 53 வருடக் குத்தகையானது. நிலம் அரசுடையது, ஆனால் அதில் ஒரு லயத்தைத் தனிவீடாக மாற்ற வேண்டுமென்றாலும் குத்தகைக்காரர் விட்டுக்கொடுக்க வேண்டும். 2015க்குப் பின் வீட்டுக்கு 7 பேர்ச் நிலம் என்றார்கள், பிறகு 10 பேர்ச் என்றார்கள். இந்திய உதவியில் 4,000 வீடு, 2017இல் நோர்வூட்டுக்கு வந்த மோடி அறிவித்த இன்னொரு 10,000 வீடு. எல்லாத் தலைவர்களும் அடிக்கல் நாட்டினார்கள், ரிப்பன் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள். "குத்தகை ஒப்பந்தத்தைத் திறந்து, குடியிருப்பு நிலம் முழுவதையும் அதிலிருந்து எடுத்துவிடுங்கள்" என்று விடாமல் கேட்ட அமைச்சரை எனக்கு நினைவில்லை. வீடு கேட்டால் எல்லோருக்கும் பிடிக்கும்: ஒப்பந்தகாரருக்கு வேலை, தலைவருக்குப் படம், தொழிலாளிக்குக் கூரை. நிலத்தைக் கேட்டால் ஒருவருக்கு நட்டம், அந்த ஒருவர் பெரியவர். பணத்தின் தடயத்தைத் தேடுகிறவர்கள் பேச்சுகளைத் தோண்டுகிறார்கள். பேசப்படாமல் விடப்பட்டதைத்தான் தோண்ட வேண்டும்.

மாற்றவே முடியாது என்றும் இல்லை. 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாகப் பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் தங்கள் நிதியைச் செலவிட முடியாமல் இருந்தது. வாக்கு நம்முடையது, சபையின் தெருவிளக்கு மட்டும் தோட்ட எல்லையில் நின்றுவிடும். ஆசிரியர்கள், சிவில் அமைப்புகள், கட்சிகள் எல்லோரும் நச்சரித்து 2018இல் அந்தச் சட்டத்தைத் திருத்தவைத்தார்கள். அதே காலத்தில்தான் நோர்வூட், மஸ்கெலியா, அக்கரபத்தனை, கொட்டகலை என்று புதிய சபைகளும் வந்தன. இதற்குக் கோடீசுவரர் யாரும் பணம் போடவில்லை.

கொழும்பு மட்டத்தில் பணம் இன்னும் நேரடியாகப் பேசும். 2020 ஒக்டோபரில் ஒரு கிலோ சீனிக்கான இறக்குமதி வரி 50 ரூபாவிலிருந்து 25 சதத்துக்கு இறங்கியது. கடையில் விலை அதற்கேற்ப இறங்கவில்லை. அரசுக்கு ஏறத்தாழ 1,600 கோடி ரூபா வருமானம் போனது என்று பாராளுமன்றக் குழுவிலேயே சொல்லப்பட்டது. மத்திய வங்கியின் பிணைமுறி மோசடி விசாரணையின்போது மதுபான நிறுவனம் ஒன்றின் காசோலைகள் அரசியல்வாதிகளுக்குப் போன விவரம் நீதிமன்றத்துக்கு வந்தது. ஒருவர் தேர்தலுக்காக 10 இலட்சம் வாங்கியதைத் தானே ஒப்புக்கொண்டார். இந்தியாவில் தேர்தல் பத்திரம் என்ற பெயரில் கொடுப்பவர் பெயரை மறைப்பதையே சட்டமாக்கி வைத்திருந்தார்கள். 2024 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. பட்டியல் வெளியானபோது முதலிடத்தில் இருந்தது 1,368 கோடி இந்திய ரூபாவுக்குப் பத்திரம் வாங்கிய ஒரு லாட்டரி நிறுவனம். லாட்டரிச் சீட்டு வாங்கியவர்கள் யார் என்று நமக்குத் தெரியும்.

இலங்கையில் 1981க்குப் பின் பாராளுமன்றத் தேர்தல் செலவுக்கு எல்லையே இருக்கவில்லை. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டம்தான் திரும்பவும் கடிவாளம் போட்டது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் அது முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது: ஒரு வாக்காளருக்கு 109 ரூபா, மொத்தம் ஒரு வேட்பாளருக்கு ஏறத்தாழ 187 கோடி ரூபா. வெளிநாட்டு அரசு, வெளிநாட்டில் பதிவான கம்பனி, அரச நிறுவனம், பெயர் சொல்லாத ஆள் ஆகியோரிடம் வாங்கக்கூடாது. முடிவு வெளியாகி 21 நாளுக்குள் வரவு செலவு விவரம் கொடுக்க வேண்டும். கொடுக்காத பலர்மேல் வழக்குப் போயிருக்கிறது. நல்ல சட்டம், ஆனால் நம் ஊர்ப் பழக்கம் அதற்குள் முழுவதும் அடங்காது. தேர்தலுக்கு ஒரு வருடம் முன்பு கோயில் கும்பாபிஷேகத்துக்கு வந்த பணமும், இன்னொருவர் பெயரில் ஓடும் ஜீப்பும் எந்தப் படிவத்திலும் வராது.

2024 நவம்பரில் பணம் தோற்றதே என்று கேட்பீர்கள். உண்மைதான். நுவரெலியாவின் 8 ஆசனத்தில் 5, ஆளும் கட்சியான தேசிய மக்கள் சக்திக்குப் போனது. நுவரெலியாவிலிருந்து கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றம் போனார்கள். இந்த மலையகத் தமிழ்ப் பெண்களைப் போன்றவர்களுக்குப் பழைய விருப்பு வாக்குச் சண்டையில், சொந்தப் பணமோ முதலாளியோ இல்லாமல், இடமே கிடைத்திருக்காது. மனம் நிறைந்த விஷயம் அது. ஆனாலும் அங்கே நன்கொடையாளரின் இடத்தைக் கட்சி எடுத்துக்கொண்டது. உறுப்பினரின் பெயரும் செலவும் கட்சியிலிருந்து வந்தால், சம்பளமும் கட்சி நிதிக்குப் போனால், அவர் கட்சியை மீறிப் பேச முடியாது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் நாட்சம்பளத்துக்குக் கம்பனி 1,550 ரூபா, அரசு, வேலைக்கு வரும் நாளுக்கான வரவுக் கொடுப்பனவாக 200 ரூபா என்று முடிவானது. 1,750 என்பது நல்ல உயர்வு, வரவேற்கிறேன். கம்பனி கொடுக்க வேண்டிய 200ஐ ஏன் வரி கட்டும் சனம் கொடுக்க வேண்டும் என்று ஆளும் பக்கத்து மலையக உறுப்பினர் ஒருவர் சபையில் கேட்டால், அன்று நான் நம்புவேன்.

இனி தம்பியின் இரண்டாவது கேள்வி.

சுயேச்சைக் குழு என்றால் கட்டுப்பணமே ஒரு வேட்பாளருக்கு 5,000 ரூபா, கட்சிக்கு 1,500தான். ஆகவே பணம் தேவைப்படும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒருவரிடமே முழுச் செலவையும் வாங்காதீர்கள். அந்த ஒப்பந்தகாரர் தங்கமான மனிதராகவே இருக்கலாம். நீங்கள் வென்ற முதல் மாதத்தில் அவருடைய கேள்விப்பத்திரம் (டெண்டர்) சபைக்கு வரும். அன்று அவர் ஒரு வார்த்தையும் கேட்கமாட்டார், நீங்கள்தான் தூக்கம் வராமல் புரளுவீர்கள்.

கட்டுப்பணத்தைத் தோட்டங்களிலேயே திரட்டப் பாருங்கள். வீட்டுக்கு 100 ரூபா என்றாலும் சரி, ரசீது எழுதிக் கொடுங்கள், வாராவாரம் வரவு செலவைக் கோயில் சுவரிலோ வாசிகசாலையிலோ ஒட்டுங்கள். அந்த 100 ரூபா கொடுத்தவர் வாக்கை வேறு யாருக்கும் போடமாட்டார் என்பது என் அனுபவம். வென்றபின் உங்களைத் தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்பவரும் அவராகத்தான் இருப்பார். வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகளிடம் வாங்குவதென்றால் ஒருவருக்கு இவ்வளவுதான் என்று முன்கூட்டியே எல்லை போடுங்கள், அந்த எல்லையை எழுதி வெளியிடுங்கள். ஒப்பந்தகாரரும் அந்த எல்லைக்குள் ஒருவராகக் கொடுக்கட்டும், அவர் பெயரும் சுவரில் வரட்டும். சபையில் அவருடைய வேலை பற்றிய பேச்சு வரும்போது, பணம் வாங்கிய உறுப்பினர்கள் எழுந்து அதைச் சொல்லிவிட்டு வெளியே போய்விட வேண்டும் என்று இப்போதே உங்களுக்குள் எழுதிக் கையெழுத்திடுங்கள். இதைச் சொன்னதும் அவர் பின்வாங்கினால் அவர் எதற்காகக் கொடுக்க வந்தார் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இப்போதைய உறுப்பினர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி சொத்து விவரங்களை இலஞ்ச ஊழல் ஆணைக்குழு இணையத்தில் போடுகிறது. தேர்தல் செலவு விவரத்தை மாவட்டத்தில் தேர்தலை நடத்தும் தெரிவத்தாட்சி அலுவலரிடம் கேட்டுப் பார்க்கலாம். பிரதேச சபையின் ஒப்பந்தங்கள் யாருக்குப் போயின என்று 2016 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு கடிதம் எழுதினால் பதில் தந்தே ஆகவேண்டும், தமிழிலேயே எழுதலாம். மூன்று பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே பெயர் இரண்டு இடத்தில் வருகிறதா என்று பாருங்கள். குழுவில் கணக்குத் தெரிந்த தங்கச்சி ஒருவர் இருந்தால் அவரிடம் இந்த வேலையைக் கொடுங்கள், தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.